மெழுகுச் சுவர் கசிவதும் கால்வாய் அடைபடுவதும்

வணக்கம். தாளில் மெழுகுச் சுவர் எழுப்பி, நடுவே திரவம் ஓடும் கால்வாய் அமைக்கும் சோதனைத் தாள் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வாட்மேன் எண் 1 வடிதாளில் 0.3 மி.மீ. மெழுகுக் கோடு, இடையில் 1 மி.மீ. கால்வாய், மெழுகை உருக்க ஹாட் பிளேட்டில் (சூடேற்றும் தட்டில்) வைத்ததும் சில அடைபடுகின்றன, சில கசிகின்றன என்கிறீர்கள். இரண்டுக்கும் சமமில்லாத சூடே காரணமாக இருக்கலாம்.

மெழுகு தாளுக்குள் இறங்கும்போதே பக்கவாட்டிலும் பரவும். 150 டிகிரியில் 2 நிமிடம் வைத்தால் 0.3 கோடு சுமார் 0.85 மி.மீ. சுவராகிவிடும், நடுவில் மிஞ்சுவது அரை மி.மீ.கூட இல்லை. கால்வாயை 2 மி.மீ. ஆக வரையுங்கள். தாள் சுருண்டு தட்டைவிட்டு எழும்பும் இடத்தில் மெழுகு அடிவரை போகாது, அங்கேதான் கசியும். ஓவன் (சூட்டடுப்பு) இருந்தால் அதற்கு மாறுங்கள். இல்லையென்றால் பேக்கிங் பேப்பர் விரித்து, மேலே தட்டையான அலுமினியத் தகடு வையுங்கள். திருப்பிப் பார்த்தால் பின்பக்கமும் கோடு அறுபடாமல் தெரிய வேண்டும்.

சோதிக்கும் மாதிரித் திரவத்தில் டிரைட்டன் எக்ஸ்-100 (சோப்பு போன்ற பொருள்) அல்லது எத்தனால் கலக்கிறீர்களா? அவை பரப்பு இழுவிசையைக் குறைப்பதால், நல்ல மெழுகுச் சுவரையும் தாண்டிக் கசியும். முதலில் சாயம் கலந்த தண்ணீரில் சோதியுங்கள்.

குளுக்கோஸ் சோதனைக்கு, நிறம் காட்டப் பொட்டாசியம் அயோடைடு இட்ட தாள் வெளிச்சத்திலும் காற்றிலும் தானாகவே பழுப்பாகும். நம் சிங்கப்பூர் ஈரப்பதத்தில் திறந்தே வைக்காதீர்கள். காய்ந்ததும் சிலிக்கா ஜெல்லோடு ஒளிபுகாத பையில் மூடிவிடுங்கள். குளிர்பெட்டியில் வைத்திருந்தால், பை அறை வெப்பத்துக்கு வந்தபிறகே திறக்கவேண்டும்.