மெனு ஒளிந்துகொண்டால் மகளுக்குப் படிப்பு வராது என்று அர்த்தமில்லை

வணக்கம் அம்மா. சனிக்கிழமை மஞ்சக்குப்பத்தில் பார்த்தபோது, "பிசிஏ கடைசி வருஷம் சார். ஒரே ஒரு மெனுவோட ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் மல்லுக்கட்டுறா. இவளுக்கு இது வராதோ? பாண்டிச்சேரியில வேற கோர்ஸ் சேர்த்துடட்டுமா?" என்று கேட்டீர்கள். நீங்கள் வெளியே காத்திருந்த நேரத்தில் அவள் லேப்டாப்பை நானும் பார்த்தேன். எங்கேயும் பணம் கட்டிவிடாதீர்கள்.

அவள் செய்த வெப் பக்கத்தில் மெனுவைத் திறந்தால் அது பேனர் படத்துக்கு மேலே வர வேண்டும். லேப்டாப் குரோமில் வருகிறது. தோழியின் ஐபோனில் படத்துக்குப் பின்னால் போய்விடுகிறது. எது மேலே தெரிய வேண்டும் என்று சொல்லும் எண்ணை (இசட்-இண்டெக்ஸ்) 10, 999, 9999 என்று ஏற்றிப் பார்த்திருக்கிறாள், அசையவில்லை. கோளாறு ஐபோனின் சஃபாரி பிரவுசரில்தான் என்று முடிவு கட்டியிருந்தாள்.

குரோம் ஜன்னலையே போன் அகலத்துக்குச் சுருக்கச் சொன்னேன். அங்கேயும் மெனு மறைந்தது! சின்னத் திரைக்கென்று எழுதிய வரிகளில், மெனு இருக்கும் மேல்பட்டை, அதாவது ஹெடர், சறுக்கி வருவதற்காக ட்ரான்ஸ்ஃபார்ம் என்ற நகர்த்தும் கட்டளையைப் போட்டிருந்தாள். அது போட்டால் ஹெடர் தனி அடுக்காகிவிடும். கீழ்வீட்டில் ஏணிமேல் ஏறி நின்றாலும், மாடியில் பாய் விரித்துப் படுத்திருப்பவருக்குக் கீழேதானே? அதுபோல மெனுவின் 9999 ஹெடருக்குள் மட்டுமே செல்லும். பேனரோடு மோதுவது ஹெடர். பேனருக்கு 1 இருந்தது. ஹெடருக்கு, எண் செல்லுபடியாவதற்காக, பொசிஷன் ரிலேட்டிவ் என்ற கட்டளையைக் கொடுத்து, அதன் எண்ணை 2 ஆக்கினாள். சரியாகிவிட்டது.

இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6, 7 காலத்தில் பிரவுசரைக் குறை சொல்ல நியாயம் இருந்தது. பொசிஷன் கொடுத்த பெட்டியை, எண் தராவிட்டாலும், அந்தப் பிரவுசர் தனி அடுக்காக்கிவிடும். எக்ஸ்ப்ளோரருக்கு 2022-லேயே மைக்ரோசாஃப்ட் விடை கொடுத்துவிட்டது. இன்று அடுக்கு விதிகள் எல்லாப் பிரவுசரிலும் ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் முதலில் நம் வரிகளைத்தான் சந்தேகப்பட வேண்டும். மெனுவிலிருந்து ஒவ்வொரு தாய்ப் பெட்டியாக மேலே ஏறிப் பார்க்க வேண்டும். அப்புறம் ஒன்று: நம் ஊர் ஐபோனில் குரோம் போட்டாலும் உள்ளே ஓடுவது சஃபாரியின் இயந்திரமான வெப்கிட்தான். அதில் பார்த்துவிட்டு இரண்டு பிரவுசரில் சோதித்ததாக அவள் எழுதக் கூடாது.

இன்டர்வியூவில் "நீங்கள் தீர்த்த ஒரு சிக்கலைச் சொல்லுங்கள்" என்று கேட்டால், மார்க் ஷீட்டை விட இந்த இரண்டு மணி ராத்திரிதான் அவளுக்குக் கைகொடுக்கும். என்ன நடந்தது, எதைத் தப்பாக நினைத்தாள், எப்படிக் கண்டுபிடித்தாள் என்று ஒரு பக்கம் எழுதச் சொல்லியிருக்கிறேன். அடுத்த சனிக்கிழமை அந்த நோட்டோடு வரட்டும். அதற்கு முன் இன்று ராத்திரி, உங்கள் போனில் அந்த மெனுவைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.