வரலாற்றில் நீங்கள் மனதார மதிக்கும் பணக்காரர் யார்? ஏன்?

சாலமோன் ஹைனே. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்தில் சொந்தமாக வங்கி நடத்தியவர். பிறந்தது 1767, இறந்தது 1844. பெயரைப் பார்த்ததும் கவிஞர் ஹைன்ரிஷ் ஹைனே நினைவுக்கு வந்தால் சரிதான், கவிஞருக்கு இவர் சித்தப்பா. நானும் கவிஞரைப் பிடித்துக்கொண்டுதான் இவரிடம் வந்து சேர்ந்தேன். ஜெர்மன் மொழி கற்றுக்கொண்ட நாட்களில், ஹாம்பர்க்கில் புதிதாகக் கட்டிய யூத மருத்துவமனையைப் பற்றிக் கவிஞர் எழுதிய கவிதை ஒன்றைப் படித்தேன். அந்த மருத்துவமனையைக் கட்டிக்கொடுத்தவர் யார் என்று தேடப் போனவன், இன்றுவரை அந்த மனிதரை விடவில்லை.

வங்கியில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தேன், அதில் பாதிக்கு மேல் பில் டிஸ்கவுண்ட் பிரிவில், அதாவது பின்னால் பணம் வர வேண்டிய சீட்டுகளை வட்டி கழித்து முன்னதாகவே வாங்கிக்கொள்ளும் பிரிவில். அதனாலோ என்னவோ, அவர் செய்த தான தர்மங்களைவிட, 1842 மே மாதத்தில் அவர் தன் தொழிலை நடத்திய விதம்தான் என்னை அசைத்தது. அதைச் சொல்வதற்கு முன் கொஞ்சம் முன்கதை.

ஹனோவரில் பிறந்தவர். 1784இல், பதினாறு பதினேழு வயதில், ஹாம்பர்க்குக்கு வந்தார். பையில் இருந்தது 16 குரோஷன் சில்லறை மட்டும்தான் என்று ஊரில் ஒரு கதை உண்டு. பெரிய படிப்பு கிடையாது. உறவினர் ஒருவரின் வங்கியில் சீட்டுகளைக் கொண்டுபோய்க் கொடுத்து வாங்கி வருகிற எடுபிடி வேலையில் சேர்ந்தார். 1797இல் ஹெக்ஷர் என்பவரோடு கூட்டுச் சேர்ந்து வங்கி தொடங்கினார், பிறகு தன் பெயரிலேயே தனியாக நடத்தினார். கடைசிக் காலத்தில் ஜெர்மனியின் பெரும் செல்வந்தர்களில் ஒருவர்.

அந்தச் சீட்டு என்ன என்று சொன்னால்தான் மற்றது புரியும். ஹாம்பர்க் துறைமுக ஊர். சரக்கை இன்றைக்கு எடுத்துக்கொண்டு, மூன்று மாதம் கழித்துப் பணம் தருகிறேன் என்று வியாபாரி எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவார். சீட்டு வைத்திருப்பவருக்கு அதற்கு முன்பே பணம் வேண்டுமென்றால் வங்கியாளரிடம் போவார். வங்கியாளர் மூன்று மாத வட்டியைப் பிடித்துக்கொண்டு மீதியைக் கையில் கொடுப்பார். நம் செட்டிநாட்டு வணிகர்கள் உண்டியல் என்று சொன்னார்களே, ஏறக்குறைய அதே ஏற்பாடுதான். ஊரின் வியாபாரம் முழுவதும் இந்தச் சீட்டுகளின் மேல்தான் ஓடியது. ஒரு நாள் வங்கியாளர்கள் கையை இழுத்துக்கொண்டால் சரக்கு இருப்பவர், இல்லாதவர் எல்லோரும் சேர்ந்து மூழ்குவார்கள்.

1842 மே 5, விடியலுக்கு முன் டைஷ்ஷ்ட்ராசே என்ற தெருவில் தீப்பிடித்தது. 8ஆம் தேதி வரை எரிந்தது. 51 பேர் செத்தார்கள், ஏறக்குறைய 20,000 பேர் வீடிழந்தார்கள். நிக்கோலாய் தேவாலயமும் பேத்ரி தேவாலயமும் போயின. பழைய நகர மன்றத்தை நகரத்தாரே வெடி வைத்துத் தகர்த்தார்கள், தீ தாண்டிப் போகாமல் இடைவெளி உண்டாக்க. பெர்கெடோர்ஃப் ஊருக்குப் போட்ட புது ரயில் பாதைக்கு 7ஆம் தேதி திறப்பு விழா வைத்திருந்தார்கள். விழா நின்றுபோனது, ஆனால் ரயில்கள் அதற்கு முன்பே ஓட ஆரம்பித்துவிட்டன, வீடிழந்தவர்களை ஏற்றிக்கொண்டு.

அல்ஸ்டர் ஏரிக்கரையில், யுங்ஃபெர்ன்ஷ்டீக் வீதியில் ஹைனேயின் வீடு. அதையும் தீத்தடுப்புக்காக வெடி வைத்துத் தகர்த்தார்கள். அந்த வீட்டுக்கு நகரத் தீக்காப்பு நிதி தர வேண்டிய இழப்பீட்டை அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அத்தனை வீடுகளுக்கும் ஈடு கொடுக்க அந்த நிதியில் பணம் ஏது? அவர் விட்டுக்கொடுத்தது இன்னொருவருக்குப் போகும். நகரம் மறுபடி எழும்ப அரசு பெருங்கடன் திரட்டியபோது அதில் பெரிய பங்கும் அவருடையது.

இதெல்லாம்கூட வசதி உள்ளவர் செய்யக்கூடியது என்று சிலர் சொல்லலாம். எனக்கு முக்கியம் அடுத்தது. தீ அணைந்ததும் ஊரில் கிளம்பிய பயம் வேறு. கிடங்கோடு சரக்கு எரிந்தவன் சீட்டுக்குப் பணம் கட்டுவானா? எவன் கையெழுத்து இனி செல்லும்? இப்படிப்பட்ட நேரத்தில் வட்டி வீதம் ஏறுவதுதான் வழக்கம், ஏற்றினால் கொள்ளை லாபம். ஹைனே ஏற்றவில்லை. தீக்கு முன்பு என்ன வீதமோ அதே வீதத்தில் சீட்டுகளை வாங்கிக்கொண்டே இருந்தார். சந்தையில் அவ்வளவு பெரிய ஆள் அசையாமல் நிற்கும்போது மற்றவர்கள் தனியாக ஏற்றிவிட முடியாது. புதிய பங்குச்சந்தைக் கட்டடம் தீக்குத் தப்பியிருந்தது. அதற்குள் வியாபாரமும் உயிரோடு இருந்ததற்கு இந்த மனிதர் ஒரு பெரிய காரணம்.

நெருக்கடி நாளில் ஒரு பில்லை எடுக்கலாமா வேண்டாமா என்று உட்கார்ந்து யோசித்தவனுக்குத் தெரியும், அது எவ்வளவு கனமான முடிவு என்று. தர்மத்துக்கு எழுதும் காசோலையில் போவது கொடுக்கும் தொகை மட்டும்தான். இங்கே மொத்த வங்கியையும் பணயமாக வைக்க வேண்டும்.

இத்தனையும் செய்தவர் அந்த ஊரின் குடிமகன் இல்லை. யூதர் என்பதால் ஹாம்பர்க்கில் குடியுரிமை பெற முடியாது. 1811இல் பிரெஞ்சுக்காரர்கள் நகரத்தைத் தங்கள் பேரரசோடு சேர்த்தபோது யூதர்களுக்குச் சம உரிமை வந்தது. 1814இல் பிரெஞ்சுக்காரர்கள் போனதும் நகரம் அதைப் பிடுங்கிக்கொண்டது. திரும்பக் கிடைத்தது 1849இல், அவர் இறந்து நாலைந்து வருடம் கழித்து.

மனைவி பெட்டி 1837இல் இறந்தார். அவர் நினைவாக எழுந்ததுதான் நான் முதலில் சொன்ன யூத மருத்துவமனை. சாங்க்ட் பவுலி பகுதியில் 1843இல் திறந்தார்கள். கவிஞர் தன் கவிதையில் அங்கே வருபவர்களுக்கு மூன்று நோய் என்கிறார்: வறுமை, உடல்வலி, யூதராகப் பிறந்தது. மூன்றாவதற்கு அங்கே மருந்தில்லை என்பதையும் சொல்லிவிட்டு, முடிந்த நோய்களுக்காவது கை கொடுத்த அந்த மனிதரை வாழ்த்துகிறார். நாஜிக்களின் காலத்தில் அந்தக் கட்டடம் கைவிட்டுப் போனது. மருத்துவமனை மட்டும் அழியவில்லை, இன்று அல்ஸ்டர்டோர்ஃப் பகுதியில் இயங்குகிறது. இளமையில் இறந்த மகன் ஹெர்மனின் பெயரால், சிறு வியாபாரிகளுக்கும் கைவினைஞர்களுக்கும் கடன் கொடுக்க ஒரு நிதியும் வைத்தார்.

குறையே இல்லாதவர் என்று சொல்ல மாட்டேன். கோபக்காரர். அண்ணன் மகனான கவிஞருக்குத் துணிக்கடை வைத்துக் கொடுத்தார், அது 1819இல் நொடித்தது. சட்டம் படிக்க வைத்தார், பின்னாளில் வருடா வருடம் பாரிசுக்குப் பணமும் அனுப்பினார். ஆனால் எழுத்து என்பது ஒரு தொழில் என்று கடைசிவரை அவருக்குப் புரியவில்லை. பணம் வருகிற கை அதட்டவும் செய்யும் என்பது நம் கூட்டுக்குடும்பங்களில் வளர்ந்தவர்களுக்குப் புதிதில்லை. உயிலில் அண்ணன் மகனுக்கு அவர் எழுதி வைத்தது 8,000 மார்க் மட்டும். வருடப் பணத்தைப் பற்றி உயிலில் ஒன்றும் இல்லாததால் மகன் கார்ல் அதை நிறுத்த, சண்டை இரண்டு வருடம் இழுத்தது. இந்த விஷயத்தில் நான் கவிஞர் பக்கம்தான். ஆனாலும் அந்த மருத்துவமனைக் கவிதையில் சித்தப்பாமேல் ஒரு கடுஞ்சொல்கூட இல்லை என்பதையும் பார்க்கிறேன்.

அவர் இறந்தபோது யூதர், கிறிஸ்தவர் என்ற வேறுபாடில்லாமல் ஆயிரக்கணக்கானவர்கள் பின்னால் நடந்து போனார்கள். அடக்கம் செய்த ஓட்டென்சன் இடுகாடு இப்போது இல்லை, அந்த இடத்தில் ஒரு வணிக வளாகம் நிற்கிறது. கல்லறையை முன்பே ஓல்ஸ்டோர்ஃபில் உள்ள யூத இடுகாட்டுக்கு மாற்றிவிட்டார்கள். ஹாம்பர்க் போகிறவர்கள் எல்ப்ஷாஸே சாலையில் 31ஆம் எண்ணைத் தேடிப் பாருங்கள். அவருடைய தோட்ட வீடு, சின்னதுதான், இன்னும் நிற்கிறது. உள்ளே போய்ப் பார்க்கலாம்.