மார்ட்டினா, மார்ச்சினா, மோர்டனா? பெயர் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: மார்ட்டின் என்ற பெயருக்கு என்ன பொருள்?

‘மார்ஸுக்கு உரியவன்’. மார்ஸ் ரோமானியரின் போர்க்கடவுள். தமிழில் ‘மரம்’ உருபு ஏற்கும்போது ‘மரத்து’ ஆவதுபோல, லத்தீனில் மார்ஸ் ‘மார்ட்டிஸ்’ ஆகும். அந்த ‘மார்ட்’ மீது ‘இனுஸ்’ விகுதி ஏறி மார்ட்டினுஸ். செவ்வாய்க்கிழமைக்குப் பிரெஞ்சில் ‘மர்தி’ என்பதும் இதே வேர்தான்.

கேள்வி: போர்க்கடவுளின் பெயரைக் கிறித்தவர்கள் எப்படி ஏற்றார்கள்?

397-இல் மறைந்த, பிரான்சின் தூர் நகர ஆயர் மார்ட்டினால். இன்றைய ஹங்கேரியில் பிறந்தவர். அப்பா ரோமப் படை அதிகாரி, ஆகவே பெயர் பொருத்தம்தான். அவர் திருநாள் நவம்பர் 11. சீர்திருத்தத் திருச்சபையைத் தொடங்கிய மார்ட்டின் லூதர் பிறந்தது 1483 நவம்பர் 10. மறுநாள் திருமுழுக்கு, அன்றைய புனிதரின் பெயரே பிள்ளைக்கும் வந்தது.

கேள்வி: போலந்துக்காரர் ஒருவர் பெயரில் (Marcin) ‘டி’ இல்லை, ‘சி’ இருக்கிறது. மார்கின் என்று எழுதலாமா?

கூடாது. போலிஷில் ‘ஐ’ (i) எழுத்துக்கு முன் வரும் ‘சி’ (c) மென்மையான ‘ச்ச’. மார்ச்சின் என்று எழுதுங்கள். டேனிஷில் மோர்டன், ஹங்கேரியனில் மார்த்தோன், ஃபின்னிஷில் மார்ட்டி (2008 அமைதி நோபல் பெற்ற அட்டிசாரியின் பெயர்). பிரெஞ்சில் கடைசி ‘ன்’ நாக்குக்கு வராது, மூக்கோடு நின்றுவிடும்.

கேள்வி: பழைய திருமுழுக்குப் பதிவேட்டில் தந்தை பெயர் ‘மார்ட்டினி’ என்று இருக்கிறது. இத்தாலியக் குடும்பமா?

பலரும் சறுக்கும் இடம் இது. லத்தீன் பதிவேட்டில் ‘மார்ட்டினி’ பெரும்பாலும் ஆறாம் வேற்றுமை. ‘ஃபிலியுஸ் மார்ட்டினி’ என்றால் ‘மார்ட்டினுடைய மகன்’. குழந்தையின் பெயர் ‘மார்ட்டினும்’ (Martinum) என்று இருந்தால் அது இரண்டாம் வேற்றுமை, ‘மார்ட்டினை’.

முதலில் பதிவேட்டில் உள்ளதை எழுத்து மாறாமல் உங்கள் அட்டவணையின் ஒரு பத்தியில் எழுதுங்கள். அடுத்த பத்தியில் எழுவாய் வடிவம், மார்ட்டினுஸ். அந்தக் குடும்பம் என்ன மொழி பேசியது என்று தெரிந்த பிறகே மூன்றாவதில் மார்ச்சின் அல்லது மார்த்தோன். வரிசையை மாற்றினால் ஒரே ஆள் இரண்டு பேராகிவிடுவார். ‘மார்ட்.’ என்ற சுருக்கம் மார்த்தாவாகவும் இருக்கலாம். பக்கத்தில் ‘ஃபிலியுஸ்’ (மகன்), ‘ஃபிலியா’ (மகள்) எது என்று பாருங்கள்.

இன்னொன்று: ஜெர்மன் நிலப்பத்திரங்களில் ‘மார்ட்டினி’ ஆளே இல்லை, தேதி. நவம்பர் 11 குத்தகை கட்டும் நாள்.

கேள்வி: மார்த்தீனெஸும் மோர்டென்சனும் உறவா?

பெயரளவில் ஆம். ஸ்பானிய ‘எஸ்’, டேனிஷ் ‘சென்’ இரண்டும் ‘மகன்’ என்பதைக் குறிக்கும் விகுதிகள். ரத்த உறவுக்கு அது சான்றாகாது. ஊருக்கு ஊர் ஒரு மார்ட்டின் இருந்திருப்பார். பிரான்சில் விகுதியே இல்லாத ‘மார்ட்டின்’தான் மிகப் பரவலான குடும்பப்பெயர்.

கேள்வி: மார்க், மாரியோ இவையும் அதே பெயர்தானே?

இல்லை. மார்க்கின் லத்தீன் வடிவமான மார்க்குஸுக்கு மார்ஸோடு தொடர்பு சொல்வார்கள், ஆனாலும் அது வேறு பெயர். மாரியோ, மாரியுஸ் என்ற ரோமக் குலப்பெயரிலிருந்து வந்தது. மார்ட்டினோடு சேர்த்துப் பதியாதீர்கள்.

கேள்வி: ‘மார்த்தோன் ஆரோன்’ என்ற ஆயரின் இயற்பெயர் எது?

ஆரோன். ஹங்கேரியர்கள் குடும்பப்பெயரை முன்னால் எழுதுவார்கள். ஆங்கில நூல்களில் அவரே ஆரோன் மார்த்தோன்.