தேவாலயத் திருமணம்: எது சடங்கு, எது அலங்காரம்?

கேள்வி: உடன் பணிபுரியும் ஒருவரின் திருமணத்துக்காக முதன்முறையாகத் தேவாலயத்துக்குச் சென்றிருந்தேன். வெள்ளை ஆடை, முக்காடு, மோதிரம், மெழுகுவர்த்தி ஆகியவை எதைக் குறிக்கின்றன? இவையெல்லாம் விவிலியம் விதித்தவையா?

பதில்: விவிலியம் திருமணச் சடங்கு எதையும் வகுத்துத் தரவில்லை. கானாவூர்த் திருமணத்துக்கு இயேசு சென்றதை யோவான் நற்செய்தி விவரித்தாலும், மணமக்கள் என்ன சொன்னார்கள், என்ன அணிந்திருந்தார்கள் என்பது பற்றி அதில் ஒரு வரிகூடக் கிடையாது. நீங்கள் பார்த்தவற்றுள் சில உரோமையரிடமிருந்து வந்தவை. சில அண்மையில் சேர்ந்தவை.

உங்கள் பட்டியலில் விடுபட்டுப்போனதுதான் சடங்கின் உயிர்நாடி. மணமக்கள் வலக்கைகளைக் கோத்துக்கொண்டு, இன்பத்திலும் துன்பத்திலும், உடல்நலத்திலும் நோயிலும் பிரமாணிக்கமாயிருப்பதாக ஒருவருக்கொருவர் வாக்களிக்கிறார்களே, அதுவே திருமணம். கத்தோலிக்க மரபில் இந்தத் திருவருட்சாதனத்தை (இறையருளைத் தரும் புனிதச் சடங்கை) நிறைவேற்றுபவர்கள் மணமக்களே என்றும், குருவானவர் திருச்சபையின் பெயரால் அவர்களுடைய சம்மதத்தைக் கேட்டுப் பெற்று ஆசீர்வதிப்பவர் என்றும் போதிக்கப்படுகிறது. ஆகவே மோதிரத்தை வீட்டிலேயே மறந்துவிட்டு வந்தாலும் திருமணம் செல்லும்; மனப்பூர்வமான சம்மதம் இல்லையென்றால், எத்தனை மோதிரம் மாற்றினாலும் செல்லாது. கிறிஸ்து திருச்சபையை நேசித்துத் தம்மையே கையளித்ததுபோலக் கணவன் மனைவியை நேசிக்க வேண்டும் என்று விவிலியத்திலுள்ள எபேசியர் திருமுகம் கூறுவதால், இவ்வாக்குறுதி திரும்பப் பெற முடியாததாகக் கருதப்படுகிறது.

மோதிரம் அந்த வாக்குறுதியின் கண்ணுக்குத் தெரியும் சாட்சி. நான்காம் விரலிலிருந்து இதயத்துக்கு ஒரு நரம்பு ஓடுவதாகப் பண்டைக் காலத்தில் நம்பினார்கள். 7ஆம் நூற்றாண்டில் செவில் நகர ஆயர் இசிதோரும் அப்படியே எழுதினார். உடற்கூற்றியலில் அப்படி ஒரு தனி நரம்பு இல்லை. இதைவிட எனக்குப் பிடித்தது இடைக்கால இங்கிலாந்தின் வழக்கம்: மணமகன் ‘தந்தை’ என்று சொல்லி மோதிரத்தை மணமகளின் பெருவிரலிலும், ‘மகன்’ என்று சொல்லிச் சுட்டுவிரலிலும், ‘தூய ஆவி’ என்று சொல்லி நடுவிரலிலும் வைத்துவிட்டு, ‘ஆமென்’ என்று சொல்லும்போது நான்காம் விரலில் அணிவிப்பார். அந்த விரலைத் தேர்ந்தெடுத்ததற்கு நரம்புக் கதையைக் காட்டிலும் இது பொருத்தமான விளக்கம்.

வெள்ளை ஆடையைப் பழமையானது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில், 1840இல் விக்டோரியா அரசி தம் திருமணத்தில் வெள்ளைப் பட்டாடை அணிந்த பிறகே அது பரவலான வழக்கமாயிற்று. அதுவரை மணமகள்கள் தங்களிடமிருந்த நல்ல ஆடையை எந்த நிறத்திலும் அணிந்தார்கள். தூய்மை என்ற பொருள் பெரும்பாலும் பிறகு ஏற்றிச் சொல்லப்பட்டதே. முக்காடோ மிகப் பழையது. குரு போர்த்தும் முக்காட்டாலும் அவர் தரும் ஆசீராலும் திருமணம் புனிதப்பட வேண்டும் என்று 4ஆம் நூற்றாண்டிலேயே மிலான் ஆயர் அம்புரோஸ் எழுதியிருக்கிறார்.

இரண்டு மெழுகுவர்த்திகளைக் கொண்டு மூன்றாவதை ஏற்றுவது 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பரவியது. இருவர் ஓருடலாவதை அது காட்டுகிறது. ஏற்றிய பின் முதல் இரண்டையும் அணைத்துவிடுகிறவர்கள் உண்டு. திருமணத்தால் இருவரில் எவரும் அணைந்துபோவதில்லை என்பதால், எரியவிடுவதே சரி என்பது என் கருத்து.

கேள்வி: மணமகளைத் தந்தை கைப்பிடித்து அழைத்து வருவது கட்டாயமா?

பதில்: இல்லை. ‘இப்பெண்ணைக் கொடுப்பவர் யார்?’ என்று கேட்கும் வழக்கம் ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை மரபு) வழிபாட்டில் இருந்தது. கத்தோலிக்கச் சடங்கில் அப்படிக் கேட்பதே இல்லை. மணமக்கள் இருவரும் சேர்ந்தே, பெற்றோருடனும் சாட்சிகளுடனும் பவனியாக வரலாம். இருவரும் சுதந்திரமாக வந்து சம்மதம் சொல்கிறார்கள் என்பதற்கு அதுவே பொருந்தும்.

கேள்வி: கிரேக்க, இரஷ்ய மரபுகள் போன்ற கீழைத் திருச்சபைகளில் மணமக்களுக்கு முடிசூட்டுவது ஏன்?

பதில்: புதிய இல்லத்தின் அரசனும் அரசியும் அவர்கள் என்பது ஒரு பொருள். ஒருவருக்காக மற்றவர் தம்மைத் தியாகம் செய்ய வேண்டியிருப்பதால், அது மறைசாட்சிகளின், அதாவது விசுவாசத்துக்காக உயிர் கொடுத்தவர்களின், முடியும் ஆகிறது. பின்பு ஒரே கிண்ணத்தில் திராட்சை இரசம் அருந்தி, குருவானவர் முன்செல்ல மேசையை மூன்று முறை சுற்றி வருகிறார்கள். கிரேக்க வழக்கில் மணமக்கள் வாக்குறுதி எதையும் வாய்விட்டுச் சொல்வதில்லை என்பதும், அங்கே குருவின் ஆசீரே அவர்களை இணைக்கிறது என்பதும் மேலைத் திருச்சபையிலிருந்து பெரிதும் மாறுபடும் இடம்.