பார்படாஸில் எலெக்ட்ரீஷியன் படிப்பு: சி.வி.க்யூ. இருந்தால் எந்தத் தீவிலும் வேலை பார்க்கலாமா?

கேள்வி: பல வருடங்களாக பிரிட்ஜ்டவுனில் இருக்கிறோம். எங்களுக்கு இந்திய பாஸ்போர்ட். இங்கேயே பிறந்த மகனிடம் பார்படாஸ் பாஸ்போர்ட். சீசெக் என்ற பள்ளி இறுதித் தேர்வை எழுதி முடித்தவன், எலெக்ட்ரீஷியன் ஆகப்போகிறேன் என்கிறான். சி.வி.க்யூ. என்ற கரீபியன் தொழில் தகுதிச் சான்றிதழை வாங்கினால் கரீபியனில் எந்தத் தீவிலும் வேலை பார்க்கலாமாமே, உண்மையா? நம்பிச் சேர்க்கலாமா?

பதில்: தாராளமாகச் சேருங்கள். ஆனால் நீங்கள் கேள்விப்பட்டதில் இரண்டு விஷயங்கள் கலந்திருக்கின்றன. ஒரு தீவில் போய் வேலை பார்க்கும் உரிமை வேறு, அங்கே வயரிங்கில் கை வைக்கும் அனுமதி வேறு.

முதலில் உரிமை. கரீபியன் நாடுகளின் கூட்டமைப்பான காரிகாமின் ஒற்றைச் சந்தையில் சேர்ந்திருக்கும் நாடுகளுக்குள் பட்டதாரிகள், நர்ஸ்கள், ஆசிரியர்களைப் போலவே சி.வி.க்யூ. வைத்திருக்கும் தொழிலாளர்களும் ஒர்க் பர்மிட் இல்லாமல் போய் வேலை பார்க்கலாம். அதற்கு சி.வி.க்யூ.வை வைத்து காரிகாம் திறன் சான்றிதழ் ஒன்றைத் தனியாக விண்ணப்பித்து வாங்க வேண்டும். செயின்ட் லூசியாவுக்கோ டிரினிடாடுக்கோ போக இது தேவைப்படும். பெலீஸ், டொமினிக்கா, செயின்ட் வின்சென்ட் மூன்றுக்கும் அதுகூட வேண்டாம். 2025 அக்டோபர் 1 முதல் பார்படாஸும் இந்த மூன்றும் தங்கள் குடிமக்களுக்கு முழு நடமாட்ட உரிமை கொடுத்திருக்கின்றன. ஆனால் இதெல்லாம் காரிகாம் குடிமக்களுக்கு மட்டும்தான். உங்கள் மகனோடு அதே பெஞ்சில் உட்கார்ந்து அதே சான்றிதழ் வாங்கும் இந்திய பாஸ்போர்ட் பையனுக்கு இந்த உரிமை வராது. நம் ஆட்கள் சேரும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது.

அப்புறம் அனுமதி. மின்வேலைக்கான விதிகளை ஒவ்வொரு நாடும் தானே வைத்துக்கொள்கிறது. மின்சாரமே ஒன்றுபோல் இல்லை: பார்படாஸில் 115 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், செயின்ட் லூசியாவில் 240 வோல்ட், பிளக்கும் வேறு, டிரினிடாடில் 115 வோல்ட்தான், ஆனால் 60 ஹெர்ட்ஸ். எங்கே போனாலும் அந்த ஊர் விதியைப் படித்து, உள்ளூர் லைசென்ஸ் பற்றி விசாரித்துவிட்டுத்தான் வேலையில் இறங்க வேண்டும்.

படிப்பின் தரம் பற்றி எனக்குச் சந்தேகமே இல்லை, ஒழுங்காக நடத்தினால். சி.வி.க்யூ.வில் மார்க் கிடையாது. மதிப்பீட்டாளர் பக்கத்தில் நின்று பார்ப்பார். பையன் கான்டியூட் பைப்பை வளைத்து, வயர் இழுத்து, போர்டில் இணைத்து, சப்ளை கொடுக்கும் முன் மெக்கரால் இன்சுலேஷனைச் சோதிக்க வேண்டும். ஏன் அதை முதலில் செய்தாய் என்று கேட்டால் பதிலும் சொல்ல வேண்டும். முடிவு ‘தேறினான்’ அல்லது ‘இன்னும் தேறவில்லை’, அவ்வளவுதான். தேறாத பகுதியை மறுபடி செய்து காட்டலாம். செய்த வேலையின் போட்டோ, சூப்பர்வைசர் கையெழுத்திட்ட ஜாப் ஷீட் எல்லாம் ஒரு ஃபைலில் சேர வேண்டும். சரிபார்ப்பவர்கள் அந்த ஃபைலையும் பிரித்துப் பார்ப்பார்கள் என்பதால் முதல் நாளிலிருந்தே அதை ஒழுங்காக வைக்கச் சொல்லுங்கள். கடைசி மாதத்தில் உட்கார்ந்து சேர்க்கிற காரியம் இல்லை அது.

இடம் என்றால் வைல்டியில் இருக்கும் சாமுவேல் ஜாக்மன் பிரெஸ்காட் இன்ஸ்டிட்யூட்டில் முதலில் விசாரியுங்கள். பழைய பாலிடெக்னிக்தான் அது. 1843-இல் பார்படாஸ் சட்டசபைக்குத் தேர்வான முதல் வெள்ளையரல்லாத உறுப்பினரின் பெயரை ஒரு தொழிற்கல்வி நிலையத்துக்கு வைத்திருப்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

எங்கே சேர்ந்தாலும், படிப்பு முடிவில் கையில் வருவது எது என்று கேளுங்கள். நிறுவனத்தின் சொந்தச் சான்றிதழா, பார்படாஸின் தேசியத் தொழில் தகுதியான என்.வி.க்யூ.வா, சி.வி.க்யூ.வா? சி.வி.க்யூ. என்றால் முழுத் தகுதியா, சில யூனிட்டுகள் மட்டுமா? மொத்தம் உள்ள ஐந்து நிலைகளில் எந்த நிலை? முதல் நிலை, ஒருவர் கண்காணிப்பில் வேலை செய்பவருக்கானது. குறைந்தது இரண்டாம் நிலையையாவது முழுசாக முடிக்கட்டும். மூன்றாம் நிலை டெக்னீஷியனுக்கும் சூப்பர்வைசருக்கும் ஆனது. பதில் தெளிவாக இல்லையென்றால் தொழிற்கல்வியைக் கவனிக்கும் டிவெட் கவுன்சிலிடமே கேட்டுவிடுங்கள். 1993 சட்டத்தின்படி அமைந்த அரசு அமைப்பு அது.

சீசெக்கில் கணக்கோ ஆங்கிலமோ போயிருந்தால், இந்தப் படிப்போடு சேர்த்தே மறுபடி எழுத வையுங்கள். பின்னால் டிப்ளமோ பக்கம் போக நினைத்தால் அந்த இரண்டையும்தான் முதலில் கேட்பார்கள்.