ஆமிஷ் பெண்ணைக் காதலிக்கிறவன் முதலில் கேட்க வேண்டியது

கேள்வி: அமெரிக்காவின் ஆமிஷ் என்ற கிறிஸ்தவச் சபை மக்களைப் பற்றிய ஆங்கிலக் காதல் நாவல்களை விரும்பிப் படிக்கிறேன். குதிரை வண்டி, வெள்ளைத் தொப்பி அணிந்த பெண், வெளியிலிருந்து வரும் இளைஞன். கடைசியில் சபை குறுக்கே நிற்கும். காதல் உண்மையானதென்றால் அந்தப் பெண் துணிந்து வெளியே வந்துவிட வேண்டாமா? இல்லையென்றால் அவனாவது உள்ளே போய்விடலாமே? மனமிருந்தால் மார்க்கமுண்டு என்பது இவர்களுக்குப் பொருந்தாதா? (வாசகி, திண்டுக்கல்)

பதில்: அவளைத் துணியச் சொல்வது சுலபம். அந்த இளைஞன் எதை இழக்கிறான் என்று எண்ணிப் பாருங்கள். அவனுடைய அம்மா அப்படியே இருப்பார். வேலை, படிப்பு, ஓட்டுநர் உரிமம், நண்பர்கள் எல்லாம் இருந்த இடத்தில் இருக்கும். காதல் முறிந்தாலும் அவன் திரும்பிப் போக வீடு உண்டு. அவளுக்கு உண்டா என்பது வேறொன்றைப் பொறுத்தது. அவள் ஞானஸ்நானம் வாங்கிவிட்டாளா, இல்லையா? ஆமிஷ் பெண்ணை விரும்புகிறவன் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.

பச்சைக் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதில் அர்த்தமில்லை, விவரம் தெரிந்தவர் தானே முடிவெடுத்து வாங்க வேண்டும் என்று 1525-இல் சூரிச்சில் கிளம்பிய கூட்டம்தான் இவர்களுடைய மூதாதையர். அதற்காக உயிரையும் கொடுத்தார்கள். ஃபெலிக்ஸ் மான்ஸ் என்பவரை 1527 ஜனவரியில் லிம்மாட் ஆற்றில் மூழ்கடித்துக் கொன்றது நகர அரசு. பிறகு 1693-இல், சபையை விட்டு விலக்கப்பட்டவரோடு எவ்வளவு தூரம் பழகலாம் என்பது உட்பட்ட சச்சரவில் யாக்கோப் அம்மான் என்ற மூப்பரின் பின்னால் ஒரு பிரிவு தனியே போயிற்று. ஆமிஷ் என்ற பெயர் அவரிடமிருந்து வந்தது. அதாவது, உங்கள் நாவல்களில் கடைசி அத்தியாயத்தில் வந்து மிரட்டும் அந்த விலக்கம், இந்தச் சபை பிறந்தபோதே அதன் நடுவில் இருந்தது. காதலர்களைப் பிரிப்பதற்காக யாரும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை.

பதினாறு வயதுக்குமேல் ஆமிஷ் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் கயிறு தளரும். ரும்ஸ்ப்ரிங்கா என்பார்கள். பெரும்பாலோருக்கு அது ஞாயிறு இரவுகளில் கூடிப் பாடுவதும், பிடித்த பையனின் வண்டியில் வீடு திரும்புவதும்தான். சிலர் கார் வாங்குவார்கள், செல்போன் வைத்துக்கொள்வார்கள், வெளியாட்களோடு பழகுவார்கள். வெளியாட்களைச் சந்திப்பதும் அதிசயமில்லை. இந்தியானா மாநிலத்தின் எல்கார்ட் பகுதியில், உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வீட்டு வண்டிகள் செய்யும் தொழிற்சாலைகளில் ஆமிஷ் ஆண்கள் மற்றவர்களோடு சேர்ந்து வேலை செய்கிறார்கள். பிலடெல்பியாவின் ரீடிங் டெர்மினல் சந்தையில் ஆமிஷ் கடைகள் உண்டு. கார் வைத்திருக்கத்தான் தடை, ஏறிப் போகத் தடையில்லை. அதனால் வேன் ஓட்டி அவர்களைக் கூட்டிப்போகும் வெளியாட்களும் நிறைய.

இந்தக் கட்டத்தில் ஒரு பெண் ஊரை விட்டுப் போனால் வீட்டில் அழுகை இருக்கும், கோபம் இருக்கும். ஆனால் முறைப்படியான விலக்கம் இல்லை. அவள் இன்னும் எந்த வாக்கும் கொடுக்கவில்லை. அம்மா கையால் சாப்பிட்டுவிட்டுப் போகலாம்.

வாக்குக் கொடுக்கிற ஞானஸ்நான நாள் பெரும்பாலும் 18 வயதுக்கும் 22 வயதுக்கும் இடையில் வரும். கோடை முழுக்க, 1632-இல் டோர்ட்ரெக்ட் நகரில் எழுதப்பட்ட 18 விசுவாசப் பிரமாணங்களைப் போதகர்கள் சொல்லித் தருவார்கள். பன்னிரண்டாவது, திருமணம் சபைக்குள்தான் என்கிறது. பதினேழாவது, விலக்கப்பட்டவரிடமிருந்து ஒதுங்கியிருப்பது பற்றி. ஞானஸ்நானத்துக்கு முன், இப்போதும் பின்வாங்க விரும்புகிறாயா என்று கேட்கவும் செய்வார்கள். ‘நீ நேர்ந்துகொண்டதைச் செய்யாமற்போவதைப்பார்க்கிலும், நேர்ந்துகொள்ளாதிருப்பதே நலம்’ என்ற பிரசங்கி வசனத்தை அவர்கள் விளையாட்டாகச் சொல்வதில்லை. அப்புறம் அவள் முழங்கால்படியிடுவாள். டீக்கன் என்னும் சபை உதவியாளர் ஊற்ற, ஆயருடைய குவிந்த கைகளின் வழியாகத் தண்ணீர் தலையில் இறங்கும்.

அதன் பிறகு அவள் வெளியாளைக் கல்யாணம் செய்தால் சபை நீக்கம். நீக்கம் என்றால் என்ன என்பதை மேஜையில் பார்க்க வேண்டும். பென்சில்வேனியா மாநிலத்தின் லேன்காஸ்டர் போன்ற பழைய குடியிருப்புகளில், நீக்கப்பட்ட மகள் வீட்டுக்கு வந்தால் கதவைச் சாத்த மாட்டார்கள். பேசுவார்கள். ஆனால் சபையார் உட்காரும் மேஜையில் அவளுக்கு இடமில்லை. சில வீடுகளில் இரண்டு மேஜைகளைச் சின்ன இடைவெளி விட்டுப் போட்டு, இரண்டையும் சேர்த்து மேலே ஒரே விரிப்பை விரித்துவிடுவார்கள். பார்வைக்கு ஒரே பந்தி. கீழே அந்த இடைவெளி இருப்பது அங்கே உட்கார்ந்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். அவள் நீட்டும் பாத்திரத்தைக் கையிலிருந்து வாங்க மாட்டார்கள். மேஜையில் வைத்தால் எடுத்துக்கொள்வார்கள். அவள் ஓட்டிவந்த காரில் ஏற மாட்டார்கள். அவளுக்குச் சோறு போடலாம், நோயில் விழுந்தால் கவனித்துக்கொள்ளலாம். அவளிடமிருந்து எதையும் வாங்கத்தான் கூடாது.

எல்லா ஊரிலும் ஒரே கண்டிப்பு இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு சபையும் 20 முதல் 40 குடும்பங்கள் கொண்டது, கட்டுப்பாடுகளை அவரவர் சபையே முடிவு செய்கிறது. மென்னோனைட் போன்ற நெருங்கிய சபை ஒன்றில் சேர்ந்துவிட்டால் விலக்கத்தை எடுத்துவிடும் இடங்களும் உண்டு.

நாவல்கள் கண்டுகொள்ளாத ஒன்று இங்கே இருக்கிறது. மற்ற குற்றங்களுக்குத் திரும்பும் வழி உண்டு. கார் வாங்கியவர் அதை விற்றுவிட்டு, சபை முன் முழங்காலில் நின்று அறிக்கையிட்டால் சேர்த்துக்கொள்வார்கள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்க மாட்டார்கள். கல்யாணத்தை அப்படித் திருப்பிக் கொடுக்க முடியாது. விவாகரத்தைச் சபை ஏற்பதில்லை. ஆகவே வெளியாளைக் கட்டிக்கொண்ட ஆமிஷ் பெண், கணவனும் ஆமிஷ் ஆனாலொழிய, திரும்புகிற பாதையையும் சேர்த்து இழக்கிறாள். துணிந்து வா என்று அவளை அழைக்கிறவனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

சரி, அவன் உள்ளே போகலாமே என்கிறீர்கள். கதவு பூட்டியில்லை. வெளியிலிருந்து போய்ச் சேர்ந்தவர்கள் இருக்கிறார்கள், மிகக் குறைவு. காரை விற்க வேண்டும். பென்சில்வேனியா டச்சு என்ற ஜெர்மன் வட்டார மொழியைப் பேசப் பழக வேண்டும்; வீட்டிலும் வயலிலும் அதுதான் பேச்சு. பாட்டும் வேதமும் பழைய ஜெர்மனில். ஞாயிறு விட்டு ஞாயிறு யாராவது ஒருவர் வீட்டில் மூன்று மணி நேர ஆராதனை, முதுகு சாயாத பெஞ்சில். நீண்ட நாள் கூட வாழ்ந்து காட்டிய பிறகு சபையார் சம்மதித்தால்தான் ஞானஸ்நானம். ஞானஸ்நானம் வாங்கும் ஆண், பின்னால் தன்மேல் சீட்டு விழுந்தால் ஊழியம் செய்வேன் என்றும் வாக்குத் தருகிறான். போதகரைத் தேர்ந்தெடுக்கும் நாளில், சபையார் பெயர் சொன்ன ஆண்கள் முன் பாட்டுப் புத்தகங்களை வரிசையாக வைப்பார்கள். ஒன்றுக்குள் வசனம் எழுதிய ஒரு துண்டுச் சீட்டு. அது யார் எடுத்த புத்தகத்தில் இருக்கிறதோ அவர் ஆயுள் முழுக்கச் சம்பளமில்லாமல் பிரசங்கம் செய்ய வேண்டும். இதற்கெல்லாம் தயாரென்று சொல்கிறவன் அவளுக்காக மட்டும் சொன்னால் மூப்பர்கள் சந்தேகப்படுவார்கள். அந்தச் சந்தேகம் நியாயமானது. அவளைக் கட்டிக்கொள்வதற்காகக் கடவுளுக்குக் கொடுத்த வாக்கு, முதல் சண்டையிலேயே ஆட்டம் காணும். அப்போது மாட்டிக்கொள்வது அவளும் பிள்ளைகளும்.

கல்யாணத்தை ஏன் இவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறார்கள் என்று கேட்டால், அவர்களுக்குக் காப்பீடு என்பதே ஒருவரையொருவர்தான். களஞ்சியம் எரிந்தால் நூற்றுக்கணக்கானவர்கள் வந்து கட்டி எழுப்புவார்கள். ஆஸ்பத்திரிச் செலவைச் சபைகள் பங்கு போட்டுக்கொள்ளும். முதுமையில் அரசு தரும் பணத்தை வேண்டாமென்று சொல்லி, சுயதொழில் செய்வோருக்கு அதற்கான வரியிலிருந்து 1965-இல் சட்டத்திலேயே விலக்கு வாங்கியவர்கள். ஒரு கல்யாணம் என்றால் இந்தச் சுமையில் தோள் கொடுக்க இன்னொரு குடும்பம் சேர்கிறது என்று பொருள். நம் ஊர்த் தேவாலயங்களில் ஓலை வாசிப்பதைப் போல அங்கேயும் டீக்கன் சபை நடுவில் இரண்டு பெயர்களையும் அறிவிப்பது இதனால்தான். இந்த ஏற்பாட்டை நான் மதிக்கிறேன்.

மதித்துக்கொண்டே ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். பத்தொன்பது வயதில் எட்டாம் வகுப்போடு நின்ற ஒரு பெண் கொடுக்கும் வாக்கை, விவரம் தெரிந்து கொடுத்த வாக்கு என்று சபை எடுத்துக்கொள்வது சரியில்லை. எட்டாவதுக்குமேல் பள்ளிக்கு அனுப்பாததற்காக விஸ்கான்சின் மாநிலத்தில் மூன்று தந்தைகளுக்குத் தலைக்கு 5 டாலர் அபராதம் போட்டார்கள். வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 1972-இல் தந்தைகள் வென்றார்கள். நீதிபதி டக்ளஸ் மட்டும் தீர்ப்பின் ஒரு பகுதியோடு உடன்படவில்லை. பெற்றோர் என்ன நம்புகிறார்கள் என்று பார்த்தோம், பிள்ளைகளுக்கு என்ன வேண்டும் என்பதையும் கேட்க வேண்டும் என்பது அவருடைய வாதம். ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த வாதத்துக்கு யாரும் சரியான பதில் சொல்லவில்லை என்பது என் கருத்து. எதை விடுகிறோம் என்று தெரியாமல் கொடுத்த வாக்குக்காகத் தாயும் மகளும் ஆயுள் முழுக்க ஒரே பந்தியில் உட்கார முடியாது என்பது கொடுமை. சுயமாகத் தேர்ந்தெடுக்கும் உரிமைக்காக ஆற்றில் மூழ்கிச் செத்தவர்களுடைய வாரிசுகளிடம் அதைச் சொல்ல வேண்டியிருப்பது எனக்கு வருத்தம்.

இன்னொன்று. ஆமிஷ் பிள்ளைகளில் சுமார் 85 சதவீதமோ அதற்கு மேலோ சபையிலேயே தங்கிவிடுகிறார்கள். 1900 வாக்கில் சில ஆயிரம் பேராக இருந்தவர்கள் 2024-இல் ஏறக்குறைய 4 லட்சம். வெளியேறுகிறவர்களும் எல்லோரும் காதலுக்காகப் போவதில்லை. மேலே படிக்க, வேறு விதமாகக் கடவுளைத் தேட, வீட்டுக் கொடுமையிலிருந்து தப்பிக்க என்று பல காரணங்கள். அவர்களுக்கு முதலில் தேவைப்படுவது காகிதங்கள். சிலரிடம் சமூகப் பாதுகாப்பு எண் இருக்காது, புகைப்பட அடையாள அட்டை இருக்காது. அது இல்லாமல் வேலை கிடைக்காது, வங்கிக் கணக்கு கிடையாது. உயர்நிலைப் பள்ளிக்குச் சமமான தேர்வை முதலிலிருந்து படித்து எழுத வேண்டும்.

அப்படி ஒரு பெண் காதலனோடு காரில் ஏறிய அன்றே அவனை முழுக்க நம்பி நிற்க வேண்டியவளாகிறாள். அவளுடைய பணம், போக்குவரத்து, பழகும் மனிதர்கள் எல்லாம் அவன் வழியாகத்தான். ஒரு வீட்டின் கட்டுப்பாட்டிலிருந்து எடுத்து இன்னொருவர் கையில் வைப்பது அது. அவன் நல்லவனாக இருந்தாலும் நிலைமை அதுதான்.

ஆகவே அவனுக்கு நான் சொல்லக்கூடியது இது. அவள் ஞானஸ்நானம் வாங்காதவள் என்றால், அதை வாங்குவதா வேண்டாமா என்பதை உன்னை வைத்து முடிவு செய்ய விடாதே. வாங்கியவள் என்றால், அவளாக வெளியேற விரும்புகிறாளா என்று முதலில் தெரிந்துகொள். ஆம் என்றால் அந்தக் காகிதங்களுக்கும் தேர்வுக்கும் கூட நில், அவள் பெயரில் ஒரு வாடகை வீடு அமையட்டும், ஒரு வருடமாவது அங்கே அவள் தனியாக வாழ்ந்து பார்க்கட்டும். அதுவரை கல்யாணப் பேச்சை எடுக்காதே.