ஃபிளாஷ் சிப்பின் ஐடி சரியாக வருகிறது, எழுதினால் மட்டும் ஏன் எல்லாம் எஃப்எஃப்?

எஸ்டிஎம்32 மைக்ரோகண்ட்ரோலர் போர்டில் டபிள்யூ25கியூ64 ஃபிளாஷ் மெமரி சிப்பை எஸ்பிஐ-யில் (சிப்புகள் பேசிக்கொள்ளும் சீரியல் இணைப்பு) இணைத்தீர்கள். ஐடி வருகிறது, எழுதிவிட்டுப் படித்தால் எஃப்எஃப் (காலி இடத்தின் மதிப்பு) தவிர வேறு எதுவும் இல்லை என்கிறீர்கள். இதே இடத்தில் இரண்டு ராத்திரி தூங்காமல் உட்கார்ந்தவன் நான். முதலில் சாலிடரிங் அயர்னைக் கீழே வையுங்கள். ஐடி கேட்கும் 9எஃப் கட்டளைக்கு இஎஃப், 40, 17 என்று ஒவ்வொரு முறையும் பதில் வந்தால் வயரிங் பெரும்பாலும் சரி. (கட்டளை எண்களும் சிப்பின் பதில்களும் ஹெக்ஸ்.) கோளாறு புரோகிராமில் இருக்கிறது.

எழுதுவதற்கு முன் 06 (எழுத அனுமதிக்கும் கட்டளை) அனுப்ப வேண்டும். நானும் அனுப்பினேன்: சிப் செலக்டை (சிப்பைத் தேர்வு செய்யும் கம்பி) இறக்கி 06, அதே மூச்சில் எழுதும் கட்டளை 02, முகவரி, டேட்டா, பிறகு செலக்டை ஏற்றினேன். தப்பு அங்கேதான். 06-இன் எட்டாவது பிட் முடிந்ததும் செலக்ட் மேலே போனால்தான் அந்தக் கட்டளை செல்லுபடியாகும். அதன் பிறகு மறுபடி இறக்கி 02. இல்லையென்றால் சிப் எந்தப் பிழையும் சொல்லாது, கம்மென்று இருக்கும்.

சோதிக்க எளிய வழி: 06-க்குப் பின் 05 அனுப்பி ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரை (சிப்பின் நிலையைச் சொல்லும் பைட்) படியுங்கள். எழுத அனுமதி கிடைத்ததா என்று காட்டும் பிட் 1 ஒன்றாக இருக்க வேண்டும். ஒவ்வொரு முறை எழுதி முடித்ததும், அழித்து முடித்ததும் அது தானாகவே பூஜ்யமாகிவிடும், ஆகவே ஒவ்வொரு முறையும் 06 வேண்டும்.

லைப்ரரி இல்லாமல் எஸ்டிஎம்32-இன் எஸ்பிஐ ரெஜிஸ்டரை நேரடியாகத் தொடுகிறவர் என்றால் இன்னொன்று. டிஎக்ஸ்இ கொடி (நிலை காட்டும் பிட்) எழுந்தால் அனுப்பும் பஃபர் காலி என்றுதான் அர்த்தம். கடைசி பிட்டுகள் இன்னும் கம்பியில் போய்க்கொண்டிருக்கும். பிஎஸ்ஒய் ('இன்னும் வேலையில் இருக்கிறேன்' என்னும் கொடி) இறங்கிய பிறகே செலக்டை ஏற்றுங்கள்.

இது சரியானதும் அடுத்த தலைவலி வரும். 4 கேபி செக்டரை (ஒரே முறையில் அழிக்கும் பகுதி) அழிக்கச் சாதாரணமாக 45 மில்லி செகண்ட், அதிகபட்சம் 400 என்று டேட்டாஷீட் சொல்கிறது. நான் 50 மில்லி செகண்ட் டிலே (காத்திருப்பு) வைத்து, மேஜையில் வேலை செய்ததும் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். பத்துப் போர்டில் இரண்டு காலை வாரின. டிலே வேண்டாம், சிப் வேலையில் இருப்பதைக் காட்டும் பிட் 0 பூஜ்யமாகும் வரை 05-ஐக் கேட்டுக்கொண்டே இருங்கள். அப்புறம், 256 பைட் பக்க எல்லையைத் தாண்டி எழுதினால் டேட்டா அடுத்த பக்கத்துக்குப் போகாது, அதே பக்கத்தின் தொடக்கத்துக்குத் திரும்பி அங்கே இருப்பதைக் கெடுக்கும்.

06-க்குப் பின் 05 என்ன சொல்கிறது? பதிலாக 02 (பிட் 1 மட்டும் ஒன்று) வந்தால் பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள். 00 வந்தால் செலக்ட் வரும் இடத்தின் புரோகிராம் வரிகளை இங்கே போடுங்கள், பார்க்கலாம்.